பிற நாட்டு வாழ்க்கையைச் சொல்லும் படப்புத்தகங்கள்: உடையையும் திருவிழாவையும் தாண்டியவை எவை?

தாழ்வாரம்:
வணக்கம். தொடக்கப் பள்ளி ஒன்றில் நூலகப் பொறுப்பைக் கவனித்துவருகிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிற பண்பாடுகளை அறிமுகப்படுத்தும் படப்புத்தகங்கள் வாங்க நிர்வாகம் இசைந்துள்ளது. ஆனால் கைக்குக் கிடைப்பவற்றைப் புரட்டினால், பக்கத்துக்கு ஒரு நாடு, நாட்டுக்கு ஓர் உடை, ஒரு நடனம், கடைசியில் எல்லாரும் கைகோத்து நிற்கும் படம் என்ற அளவிலேயே முடிந்துவிடுகின்றன. இந்தியா என்றால் யானையும் தலைப்பாகையும்தான். எங்கள் பிள்ளைகளுக்கே அது அயல்நாடாகத் தெரியும். அன்றாட வாழ்க்கையைக் காட்டும் நூல்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கதைசொல்லி:
ஜீனி பேக்கரின் ‘மிரர்’ (2010) நூலை முதலில் வாங்குங்கள். ஒரே அட்டைக்குள் இரண்டு கதைகள் அருகருகே தைக்கப்பட்டிருக்கும். சிட்னியில் வாழும் குடும்பத்தின் கதையை இடமிருந்து வலமாகவும், மொராக்கோவில் வாழும் குடும்பத்தின் கதையை, அரபு நூல்களைப் போல, வலமிருந்து இடமாகவும் புரட்ட வேண்டும். முன்னுரையைத் தவிர எழுத்தே கிடையாது. படங்கள் யாவும் துணி போன்ற பொருட்களை ஒட்டிச் செய்தவை. மொராக்கோத் தந்தையும் மகனும் வீட்டில் நெய்த கம்பளத்தைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுக் கணினி வாங்கிவருகிறார்கள். அதே கம்பளம் சிட்னி வீட்டுக்கு வந்து சேர்கிறது. இதை நீங்கள் விளக்க வேண்டாம். இரு பக்கங்களையும் ஒருசேரப் புரட்டவிட்டால் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள், அந்தச் சத்தத்தை நூலகம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுப்பங்கரை:
நோரா டூலி எழுதிய ‘எவ்ரிபடி குக்ஸ் ரைஸ்’ (1991) நம் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடும். இரவு உணவு நேரத்தில் தம்பியைத் தேடி வீடு வீடாகச் செல்லும் அமெரிக்கச் சிறுமி, வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய அண்டை வீட்டார் அனைவரும் ஆளுக்கொரு விதமாக அரிசி சமைப்பதைப் பார்க்கிறாள். நூலின் இறுதியில் சமையல் குறிப்புகளும் உண்டு. வீட்டுக்கு ஒரு நாடு என்ற கணக்கு இதிலும் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் கொடி பிடித்து நிற்கவில்லை, அடுப்படியில் வேலையாக இருக்கிறார்கள். ஆங்கில நூல் என்பதால் படத்தைக் காட்டித் தமிழில் கதையாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நிழற்குடை:
இரண்டும் நல்ல நூல்கள்தான். ஆனால் மொராக்கோவுக்குப் போகுமுன் நாகாலாந்தையும் ஒடிசாவையும் பார்க்கலாமே என்பது என் கருத்து. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் (2015இல் தொடங்கப்பட்டது) பல இந்திய மொழிக் கதைகளைத் தமிழிலும் இலவசமாகப் பதிவிறக்கலாம். சென்னைத் தூலிகா பதிப்பகம் ஆங்கிலத்தையும் ஓர் இந்திய மொழியையும் சேர்த்து இருமொழிப் படப்புத்தகங்களை வெளியிடுகிறது. எந்த நூலானாலும் வாங்குமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: அந்த ஊர்க் குழந்தைக்குப் பெயர் இருக்கிறதா, அதற்கென்று ஓர் ஆசையோ அவசரமோ இருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் உடை அணிவகுப்புதான்.

தாழ்வாரம்:
மூவருக்கும் நன்றி. அந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால் என் பட்டியலில் பாதி இப்போதே கழிந்துவிடும். ‘மிரர்’ நூலில் ஒரே பிரதி போதுமா, குழுவுக்கு ஒன்று வேண்டுமா?

கதைசொல்லி:
விரித்து வைத்தால் அகலமாக இருப்பதால் நான்கைந்து பிள்ளைகள் தரையில் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டு பிரதிகள் வாங்கி, குழுக்களை மாற்றி மாற்றி உட்காரவையுங்கள்.