டொமஹாக் – தமிழில் என்ன? (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

எழுதியவர்: செ.

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே கைக்கருவிகளைச் சரிசெய்து அழகுபடுத்தும் காணொளித் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் பாகம் முழுக்க டொமஹாக் என்கிற அமெரிக்கக் கைக்கோடரி. கடையில் வாங்கிய ஒன்றை ஒருவர் பிரித்து, தலையில் அடித்திருக்கும் கறுப்புப் பெயின்ட்டை உரித்து, இரும்பை வினிகரில் ஊறப்போட்டு, காம்பின் வார்னிஷைச் சுரண்டி ஆளிவிதை எண்ணெய் பூசி, கடைசியில் அரத்தாலும் கல்லாலும் கூர் ஏற்றுகிறார். அந்தச் சொல் நாற்பது தடவையாவது வருகிறது, பாதி இடங்களில் செல்லமாக 'ஹாக்' என்று மட்டும். முன்வரைவுக்கு இயந்திரத்திடம் கொடுத்தேன். "என் பருந்தின் தாடியை அரத்தால் தேய்த்தேன்" என்று வந்தது. தாடி என்பது கோடரி அலகின் கீழ்ப்பக்கம் தொங்கும் பகுதி, அதையாவது ஒப்பேற்றிவிடலாம். ஆங்கிலத்தில் ஹாக் என்றால் பருந்து என்று இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பருந்தை என்ன செய்ய?

இரண்டு சொல் வேண்டும். ஒன்று, டொமஹாக். இன்னொன்று, கூர் தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய இரும்பு இழை மாதிரி எழும்புமே, ஆங்கிலத்தில் பர் என்கிறார்கள், அதற்கு. ஒரு வரியில் 40 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. வெள்ளி மாலை அனுப்பியாக வேண்டும்.

செ.

—

எழுதியவர்: மா.

அம்மா, இதற்கு விவாதமே தேவையில்லை. நவியம், கோடரிக்குப் பழந்தமிழ்ச் சொல். புறநானூறு 36, ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடியது:

"கருங்கைக் கொல்லன் அரஞ்செய் அவ்வாய்
நெடுங்கை நவியம் பாய்தலின்..."

அரஞ்செய் அவ்வாய் என்றால் அரத்தால் கூர்மை செய்யப்பட்ட அழகிய வாய். அந்த மனிதர் காணொளி முழுக்கச் செய்துகொண்டிருப்பதை நம் புலவர் மூன்று சீரில் முடித்துவிட்டார். கருவிக்கு வாய் என்றால் வெட்டும் விளிம்பு, கை என்றால் காம்பு. வேண்டிய எல்லாச் சொல்லும் இரண்டடியில் கிடக்க நாம் ஏன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற வேண்டும்?

நவியம் பிடிக்காதவர்களுக்கு மழு, கணிச்சி இரண்டும் இருக்கின்றன. "கணிச்சிக் கூர்ம்படைக் கடுந்திறல் ஒருவன்" என்று புறம் 195இல் நரிவெரூஉத்தலையார் கூற்றுவனின் கையில் கணிச்சியைக் கொடுத்திருக்கிறார்.

மா.

—

எழுதியவர்: கு.

மா. ஐயா கோபிக்கக் கூடாது. பட்டறையில் முப்பது வருடம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நவியம் என்றால் எங்கள் பையன்கள் நவீனமா என்று கேட்பார்கள். மழு இன்னும் மோசம், "மழுவைத் தீட்டுகிறேன்" என்றால் மழுங்கடிக்கிறேன் என்று காதில் விழும். கணிச்சியை யமனே வைத்துக்கொள்ளட்டும்.

ஐயா காட்டிய பாட்டிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நவியம் காவல்மரத்தை வெட்டிச் சாய்க்கிறது. டொமஹாக் மரம் சாய்க்கிற சாமான் இல்லை. நான் பார்த்தவற்றில் காம்பு சுமார் 22 அங்குலம், தலை சின்னது, ஒரு கையால் வீசலாம். ஆனால் சின்னது பெரியது என்பதைவிட அதைத் தனியாகக் காட்டுவது காம்பு போடும் விதம். நம் கோடாலியில் காம்பைக் கீழிருந்து நுழைத்து மேலே ஆப்பு அடிப்போம். இதில் காம்பு மேலே தடித்து கீழே ஒல்லியாகிக்கொண்டே போகும். தலையைக் காம்பின் அடிப்பக்கம் கோத்து மேலே இழுத்துக்கொண்டு போனால் தடித்த இடத்தில் போய் இறுகும், ஆப்பே கிடையாது. ஒவ்வொரு வீச்சுக்கும் தலை வெளிப்பக்கம் போகப் பார்க்கும், அப்படிப் போகப்போக இன்னும் இறுகும். வேறெங்கே பார்த்திருக்கிறோம்? பிக்காசில்! குந்தாலி என்றும் சொல்வோமே, அதே ஏற்பாடுதான்.

விலை குறைந்தவற்றில் பக்கவாட்டில் ஒரு திருகாணியும் இருக்கும். ஆசைக்காரர்கள் முதலில் செய்வது அதைக் கழற்றி எறிவது. அப்புறம் துளையின் உள்சுவரில் பென்சில் கரியைத் தேய்த்துக் காம்பை ஏற்றி இறக்கி, மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சுரண்டுவார்கள். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் சுற்றிலும் சமமாக உட்கார்ந்துவிடும். ஆகவே என் சொல்: ஆப்பில்லாக் கோடரி.

இரண்டாவது கேள்விக்கு: பிசிறு. கடைசல் வேலையில் தினமும் சொல்கிற சொல்தான். அலகின் ஒரு பக்கத்தை ஒரே கோணத்தில், பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை வைத்துக்கொள்ளுங்கள், தேய்த்துக்கொண்டே போனால் நுனி இரும்பு மெலிந்து மறுபக்கம் மடங்கும். அதுதான் பிசிறு. விரலை நுனியின் நீளவாக்கில் ஓட்டாமல், முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்புக்கு வெளியே தள்ளித் தடவினால் நகத்தில் சிக்கும். அது முழு நீளத்துக்கும் எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம், திருப்பிக்கொள்ளலாம். கடைசியில் தோல் பட்டையில் இழுத்துப் பிசிறைக் கழிப்பது.

கு.

—

எழுதியவர்: ப.

ஆப்பில்லாக் கோடரி நல்ல சொல்தான், ஆனால் "எனக்கு ஆப்பில்லாக் கோடரி பரிசாகக் கிடைத்தது" என்று வரி வந்தால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

எறிகோடரி எப்படி? எறிதலுக்குப் பழந்தமிழில் வீசுதல், வெட்டுதல் இரண்டு பொருளும் உண்டு. "களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே" என்று பொன்முடியார் பாடியபோது காளை யானையைத் தூக்கி எறியவில்லை.

—

எழுதியவர்: வி. (தொரொன்டோ)

எறிகோடரிக்கு நான் எதிர்ப்பு. 2006இல் இந்த ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கோடாலி எறியும் விளையாட்டுக் குழு ஒன்று தொடங்கி, இப்போது அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நானும் இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே எறிந்தது சாதாரணக் கைக்கோடாலி. எறிகோடரி என்ற பெயரை அதற்குக் கொடுத்தால் பொருந்தும். டொமஹாக்குக்குக் கொடுத்தால், பிறகு இதற்கு என்ன சொல்வீர்கள்?

எனக்கு வேறொரு கவலையும் இருக்கிறது. இது வட அமெரிக்கத் தொல்குடிகளின் சொல். முதலில் கல்லலகு, பிறகு ஐரோப்பியர் வணிகத்தில் கொண்டுவந்த இரும்பு அலகு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பக்கம் வெட்டும் வாய், மறுபக்கம் புகையிலைக் கிண்ணம், நடுவே துளையிட்ட காம்பு என்று ஒன்றிலேயே போரும் சமாதானமும் வைத்துச் செய்து தூதுப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை அழித்துவிட்டு நவியம் என்று எழுதுவது சரியாகப் படவில்லை. யாழை வேற்றுமொழிக்காரர் 'சின்ன ஹார்ப்' என்று எழுதினால் நாம் சும்மா இருப்போமா? பூமராங்கை வளரி என்றே எழுதிப் பழக்கி, இப்போது வளரியும் எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள்.

டொமஹாக் கோடாலி என்று எழுதுங்கள். டொமஹாக் என்று மட்டும் போட்டால் தமிழ்ச் செய்தி வாசிப்பவர்களுக்கு ஏவுகணைதான் ஞாபகம் வரும்.

வி.

—

எழுதியவர்: மா.

வி. தம்பி சொன்ன பிறகு வேர் தேடினேன். இரவு தூக்கம் போய்விட்டது. வர்ஜீனியாவில் வாழ்ந்த பவாட்டன் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அவர்களுடைய அல்கோன்கியன் மொழிக்குடும்பத்தில் 'தெம்' என்பது துண்டாக வெட்டுதலைக் குறிக்கும் வேராம். நமக்கோ துமித்தல் என்றாலே வெட்டுதல். துமி, தெமி, தெம்! துமிப்பதை ஆக்குவது துமியாக்கி. துமியாக்கி, தொமஹாக். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

இனி கடன்சொல் என்ற பேச்சே வேண்டாம். நம் பொருளை நாம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். துமியாக்கி!

மா.

—

எழுதியவர்: இ.

ஐயா, உங்கள் மேல் எனக்குள்ள மரியாதை தெரியும், ஆனாலும் இதை விடமுடியாது. எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் ஓரசை வேர்களில் சில ஒத்துப்போகத்தான் செய்யும். நம் 'ஒன்று' என்பதும் ஆங்கில 'one' என்பதும் ஒத்திருப்பதைப் பார்த்து உறவு கொண்டாடினால் எங்கே போய் நிற்கும்? ஜான் ஸ்மித் 1612இல் வெளியிட்ட பவாட்டன் சொற்பட்டியலில் டொமஹாக் என்பதற்குக் கோடரி என்று பொருள் கொடுத்திருக்கிறார். அதற்கு அடுத்தே டொக்கஹாக் என்று ஒரு சொல், பொருள் பிக்காசு. துமியாக்கி சரியென்றால் இது என்ன, தோண்டாக்கியா? (தயவுசெய்து ஆம் என்று சொல்லிவிடாதீர்கள்.)

வேர்தான் வேண்டுமென்றால் கோடரியே இருக்கிறதே. கோடு என்றால் கிளை, அரிதல் என்றால் வெட்டுதல். வடமொழிக் குடாரத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, அந்தச் சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம்.

—

எழுதியவர்: ப.

துமி என்றால் துளி அல்லவா? கம்பர் துமி என்று பாட, அப்படி ஒரு சொல் வழக்கில் உண்டா என்று ஒட்டக்கூத்தர் மடக்க, மோர் கடைந்துகொண்டிருந்த பெண் "துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்ன கதை தெரியாதவர் உண்டா. கலைமகளே அந்தப் பெண்ணாக வந்தாள் என்பார்கள். அவள் வந்து காப்பாற்றியது துளிக்கு. வெட்டுக்கு இல்லை.

—

எழுதியவர்: மா.

இரண்டு பொருளும் உண்டு. வெட்டித் தெறித்ததுதான் துளி. இன்னொன்றும் கவனித்தேன், கு. சொன்ன பிசிறு பிழை வழக்கு. பிசிர் என்பதே சரி. சங்கப் பாட்டில் பிசிர் என்றால் அலை சிதறும் நீர்த்துளி. பிசிராந்தையாரின் ஊருக்கும்...

—

எழுதியவர்: கு.

ஐயா, பிசிராந்தையார் வடக்கிருந்தார், எங்கள் பிசிறு இரும்பிலிருக்கிறது. வல்லின றகரம் போட்டுத்தான் பட்டறையில் சொல்கிறோம், எழுதுகிறோம். சொல் வழக்கில் உண்டா என்று கேட்டால் நான் கலைமகளை எல்லாம் கூப்பிட வேண்டியதில்லை, வாசலில் நின்று "பிசிறு எடுத்தாச்சா" என்றால் நாலு பேர் தலை நிமிர்வார்கள்.

செ. அம்மாவுக்கு ஒன்று கேட்க வேண்டும். அவர் மோட்டார் சாணையில் பிடிக்கிறாரா?

—

எழுதியவர்: செ.

ஒரு இடத்தில் பிடிக்கிறார் அண்ணே. விளிம்பில் நீலம் ஓடியதும் கையை எடுத்துவிட்டு ஏதோ திட்டுகிறார். "நிறம் மாறிவிட்டது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

—

எழுதியவர்: கு.

அங்கேதான் மாட்டியிருப்பீர்கள். அது நிறத்துக்கான வருத்தம் இல்லை. நீலம் பாய்ந்தால் சூடு கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ் போய்விட்டது, துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம், இறங்கி அந்த இடம் மிருதுவாகிவிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. "துவைச்சல் போயிற்று" என்று எழுதுங்கள். அரிவாள் அடிக்கிற யாரைக் கேட்டாலும் புரியும். அதனால்தான் அரம் நல்லது, நேரம் பிடித்தாலும் சூடேறாது. அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். அலகின் சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு இழுத்துவிட்டுத் தேய்த்தால் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று மை காட்டிக்கொடுக்கும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே என்று அவர் சொல்கிறாரா? சொன்னால் அந்த வரியை வெட்டிவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தீப்பிடிக்கும். விரித்துப்போட்டுக் காயவைக்க வேண்டும்.

—

எழுதியவர்: மா.

துவைச்சல் அருமையான சொல். ஆனால் சாணை? அது வடசொல். தீட்டுருளை எனலாம்.

—

எழுதியவர்: மட்டுறுத்துநர்

இழை நாற்பது மடலைத் தாண்டிவிட்டது, நாளை வெள்ளி. இதுவரை தெளிவாகச் சொன்னவர்களை எண்ணினேன். டொமஹாக் கோடரி (கோடாலி என்றவர்களையும் சேர்த்து) ஏழு, எறிகோடரி இரண்டு, ஆப்பில்லாக் கோடரி ஒன்று, நவியம் ஒன்று, துமியாக்கி ஒன்று. கடைசி இரண்டும் ஒரே முகவரியிலிருந்து வந்தவை. பிசிறுக்கு ஒரே ஒரு மறுப்பு. சாணையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனவே அது சாணையாகவே இருக்கட்டும்.

—

எழுதியவர்: செ.

எல்லோருக்கும் நன்றி. முதல் இடத்தில் டொமஹாக் கோடரி, அப்புறம் வெறும் கோடரி, 'ஹாக்' வரும் இடமெல்லாம் "இவன்". அவர் அதைத் தடவிக்கொடுக்கிற விதத்துக்கு அதுதான் பொருந்துகிறது. பிசிறு, துவைச்சல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். துணி வரி இருக்கிறது அண்ணே, 38 எழுத்தில் அடங்கிவிட்டது.

மா. ஐயாவுக்கு: கொல்லன் கைக்கு ஈடாக ஒரு வரி கடைசியில் வைத்திருக்கிறேன். கூர் ஏற்றி முடித்து அவர் காகிதத்தை அறுத்துக் காட்டும்போது "அரம் செய்த அழகிய வாய்" என்று வருகிறது. மேற்பார்வையாளர் வெட்டாமல் விட்டால் உண்டு.

அடுத்த பாகம் தச்சர்கள் மரம் செதுக்கும் அட்ஸ் பற்றியது.

—

எழுதியவர்: கு.

அதற்கு வாச்சி இருக்கிறது. எல்லாத் தச்சருக்கும் தெரியும். தயவுசெய்து யாரும் புது இழை தொடங்க வேண்டாம்.

—

எழுதியவர்: மா.

வாய்ச்சி. வாய் என்பதிலிருந்து வந்தது. வாச்சி என்பது கொச்சை.

நான் நவியம் என்றுதான் எழுதுவேன்.

மா.