குழந்தை தங்காததற்குக் காரணம் தெரிய உங்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று? (அனுபவப் பகிர்வு)

தொடங்கியவர், தஞ்சாவூர் பக்கம்:

எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று. 2013 ஆவணியில் கல்யாணம். எனக்கு என்ன நோய் என்று ஒரு மருத்துவர் பெயரிட்டுச் சொன்னது 2018 கார்த்திகையில். நடுவில் கழிந்த வருடங்களில் ஊரார்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்: தோஷம், உடம்புச் சூடு, ராசி இல்லாதவள். நாத்தனாரின் வளைகாப்பில் வளையல் தட்டு என்னைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போனது. தட்டை ஏந்தி வந்த அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். இங்கே வருகிற பலருக்கு அது சொல்லாமலே தெரியும்.

2015இல் பக்கத்து நகரத்தில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். ஸ்கேன், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். சரியாகவே இருந்தன. கணவருக்கும் குறை இல்லை. ஐ.யு.ஐ. செய்யலாம் என்றார்கள். விந்தணுவைச் சுத்தப்படுத்தி நேரே கருப்பைக்குள் செலுத்துகிற முறை அது. நான்கு முறை செய்தார்கள். ஒவ்வொரு முறையும் பதினைந்து நாள் காத்திருப்பு, மாடிப்படி ஏறாதே, பப்பாளியைத் தொடாதே, பிறகு மாதவிலக்கு. கருமுட்டையும் விந்தணுவும் சந்திக்கிற இடம் கருக்குழாய். அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்று நான்கு முறையில் ஒரு முறைகூட அங்கே யாரும் பார்க்கவில்லை. இது தெரியவந்த நாளில் மூண்ட கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

2018இல் திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதத்தை 48 நாள் சாப்பிட்டு முடித்த கையோடு வேறொரு மருத்துவரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தாள். அந்த மருத்துவர் பழைய கோப்பைத் திறக்கவே இல்லை. மாதவிலக்கு எப்படி வருகிறது என்று கேட்டார். முன்பெல்லாம் நான்கு நாள் இருந்தது, இப்போது ஒரு நாள்தான், அதுவும் கறையாக மட்டும் என்றேன். சுத்தமாக முடிந்துவிடுகிறதே, எவ்வளவு சௌகரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சின்ன வயதில் நெடுநாள் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்றார். பத்தாம் வகுப்பு படிக்கும்போது டைபாய்டு வந்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போனதா?"

போயிற்று. ரத்தம் போகிறது என்று பயந்து கொல்லைப்புறத்திலிருந்து நான் கத்தியதும், அம்மா ஓடி வந்து வாயைப் பொத்தியதும் அப்படியே கண் முன்னால் வந்தன. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது காசநோய்தான் டாக்டர். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். பெண் பிள்ளைக்கு வந்ததை வெளியே சொல்ல முடியுமா? காய்ச்சல் விட்டதும் நாலாம் மாசத்தோடு நிறுத்திவிட்டோம்."

காசநோய்க் கிருமி நுரையீரலில் தங்கி, ரத்தத்தின் வழியாகக் கருக்குழாய்க்கும் போகும். இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. குழாய் உள்ளுக்குள்ளேயே புண்ணாகித் தழும்பாகி அடைத்துக்கொள்ளும். கருப்பையின் உட்படலத்தையும் அரிக்கும். என் மாதவிலக்கு குறைந்துபோனது அதனால்தான். காசநோய் மிகுந்த நம் நாட்டில், குழந்தைக்காக மருத்துவமனைக்குப் போகிற பெண்களிடம் இது அரிதான நோய் இல்லை. கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்த இடத்தில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் ஒரு பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் இல்லை என்று ஆகிவிடாது. கிருமியின் மரபணுவைத் தேடுகிற பி.சி.ஆர். பரிசோதனையின் ஒரே ஒரு அறிக்கையை மட்டும் நம்பி மருந்தைத் தொடங்குவதும் சரியில்லை என்று அவர் சொன்னார்.

லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். தொப்புள் வழியாக உள்ளே எடுத்த படத்தை மயக்கம் தெளிந்த பிறகு காட்டினார். கருக்குழாய் மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருந்தது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பொரிகள். அங்கிருந்தும் கருப்பையிலிருந்தும் சதை எடுத்து ஜீன் எக்ஸ்பர்ட் (அதுவும் மரபணுப் பரிசோதனைதான்), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), திசுப் பரிசோதனை மூன்றுக்கும் அனுப்பினார்கள். ஜீன் எக்ஸ்பர்ட்டில் கிருமி தெரிந்தது. வழக்கமான மருந்துகளில் முக்கியமான ஒன்றுக்கு அது கட்டுப்படும் என்பதும் அதிலேயே தெரிந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதமும் மருந்து இலவசம். மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துப் பணமும் வங்கிக் கணக்கில் வந்தது (இப்போது அது 1000 ரூபாய்). முதல் நாள் மாத்திரை போட்ட அன்று மாலை அதே செம்மஞ்சள். கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களில் யாருக்காவது காரணம் தெரிய வருடங்கள் ஆகியிருந்தால் இங்கே எழுதுங்கள். எந்தக் கேள்வியில் விடை கிடைத்தது என்பதையும் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அக்கா, எனக்குப் பதினோரு வருடம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கணக்கு வைத்தால் அவ்வளவு ஆகிறது.

பதினாறு வயதிலிருந்து மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் எனக்கு நிற்க முடியாது. பாட்டி வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்கச் சொல்வாள். வயிற்றுவலி எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று வீட்டிலும் சொன்னார்கள், இரண்டு மருத்துவர்களும் சொன்னார்கள். பிள்ளை ஏன் தங்கவில்லை என்பதற்கு அந்த வலியே விடையாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலிக்கும். கணவரோடு இருக்கும்போது வலிப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடியது என்றே தெரியாது.

இரண்டு ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். மூன்றாவதில் இடது சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டர் சாக்லேட் கட்டி. கருப்பையின் உள்ளே வளர வேண்டிய படலம் வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே கசிகிறது. அந்தப் பழைய ரத்தம் தேங்கிக் கறுத்துப் போனதுதான் அந்தக் கட்டி. எண்டோமெட்ரியோசிஸ் என்கிறார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது மெல்லிய திட்டாக ஒட்டியிருக்கும் வரை சாதாரண ஸ்கேனில் பிடிபடாது. என் முதல் இரண்டு அறிக்கைகளின் கதை அதுதான்.

ஒரு மருத்துவர் உடனே கட்டியை எடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், மீதி முட்டைகளின் அளவைக் காட்டுகிற ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையில் 0.9தான் இருக்கிறது, கட்டியை உரிக்கும்போது கூடவே நல்ல முட்டைகளும் போகும், முதலில் முட்டைகளை எடுத்துச் சேமிக்கலாம் என்றார். நான் இரண்டாமவர் பேச்சைக் கேட்டேன். இந்த நோய் உள்ள எல்லாருக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வலி தாங்காதவர்களுக்கும் கட்டி பெரிதாக இருப்பவர்களுக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆனால் கத்தி வைப்பதற்கு முன் ஏ.எம்.எச். பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

என் வகுப்பில் மாதாமாதம் மேசையில் தலை வைத்துப் படுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவை வரவழைத்துப் பேசினேன்.

ஒரு கணவர், ஈரோடு:

இங்கே பெண்கள்தான் எழுதுகிறார்கள். நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மனைவிக்கு நீர்க்கட்டி என்றார்கள். முட்டை வளர்கிறதா, வெடிக்கிறதா என்று பார்க்க ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன். காலை ஆறே காலுக்கு சமையலை முடித்து மூடி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் போவாள். இரண்டு வருடம் இப்படியே. என்னுடைய பரிசோதனையையும் முதல் மாதமே கேட்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் கொடுக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. என் அம்மா அவளைச் சொன்னதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் கொடுத்தேன். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எனக்கு 20 லட்சம். சில நூறு ரூபாய்ச் செலவு, ஒரு காலை நேரம். அதற்கு நான் மறுத்ததால் அவள் உடம்பில் எத்தனை ஊசி ஏறியது என்று கணக்குப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. அந்த அறிக்கையை என் அம்மாவிடம் நானே படித்துக் காட்டினேன். கணவன்மார்களே, மனைவிக்கு முதல் ஸ்கேன் எடுக்கிற வாரத்திலேயே உங்கள் பரிசோதனையையும் கொடுத்துவிடுங்கள்.

திருநெல்வேலி, வயது 27:

எனக்கும் நீர்க்கட்டிதான். அது கட்டியே இல்லை, வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள் என்று இப்போதுதான் ஒரு மருத்துவர் விளக்கினார். ஐந்து கிலோ குறைத்ததும் மாதவிலக்கு 36 நாளுக்கு ஒரு முறை வருகிறது. கல்யாணம் ஆகி ஒன்பது மாதம். மாமியார் இப்போதே ஊசி போடச் சொல்கிறார். மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 21ஆம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில் முட்டை வெளிவரவில்லை என்று வந்தது. ஒரு பக்கக் குழாய் அடைப்பு என்றும் எக்ஸ்ரேயில் வந்தது. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

செவிலியர், சென்னை:

தங்கையே, நான் மகப்பேறு மருத்துவமனையில் 19 வருடமாக வேலை செய்கிறேன். பயப்படாமல் படி.

21ஆம் நாள் என்பது 28 நாளுக்கு ஒரு முறை மாதவிலக்கு வருகிறவர்களுக்கான கணக்கு. அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு பார்க்க வேண்டும் என்பதுதான் விதி. உனக்கு 36 நாள் என்றால் 29ஆம் நாள் பார்க்க வேண்டும். உன் முட்டை அந்த மாதம் 22ஆம் நாள் வந்திருக்கலாம், நீ 21ஆம் நாளே ரத்தம் கொடுத்துவிட்டாய். இந்த ஒரு தவறான கணக்கால் அழுதுகொண்டு வெளியே போன பெண்களை நான் எண்ணி முடியாது.

எச்.எஸ்.ஜி. என்கிற அந்தக் குழாய்ப் பரிசோதனையில் மருந்துத் திரவத்தைக் கருப்பைக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். வலியிலோ பயத்திலோ கருப்பைத் தசை இறுகிக்கொண்டால் திறந்திருக்கிற குழாயும் அடைத்தது போலப் படத்தில் விழும். கருப்பையை ஒட்டிய முனையில் அடைப்பு என்று எழுதியிருந்தால், அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் இதைக் கேள். மாதவிலக்கு நின்ற பிறகு, முட்டை வெளிவருவதற்கு முன்னால் எடுக்க வேண்டிய பரிசோதனை அது. பெரும்பாலும் 7 முதல் 10ஆம் நாளுக்குள் எடுப்போம். ஒரு மணி நேரம் முன்னதாக வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். கேட்டால் எழுதித் தருவார்கள். கேட்காமல் பல இடங்களில் தருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். கிருமித் தொற்று இருக்கும் சந்தேகம் இருந்தால் அதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஏ.எம்.எச். குறைவு என்று தாளைப் பார்த்து இடிந்துபோகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மீதி முட்டைகள் எத்தனை என்று அது ஓரளவு சொல்லும். முட்டை நல்லதா என்றோ, இந்த மாதம் தானாகத் தங்குமா என்றோ அது சொல்லாது.

பொதுவாக 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகு பரிசோதனைக்கு வந்தால் போதும். 35ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதத்தில் வர வேண்டும். உன்னைப் போல மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களும், கடும் வலி உள்ளவர்களும், முன்பு காசநோய் வந்தவர்களும் அந்தக் கணக்குக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்காக நீ நாளைக்கே ஊசி போட வேண்டும் என்று பொருள் இல்லை. முட்டை வளர முதலில் மாத்திரைதான் தருவார்கள். லெட்ரோசோல் என்று ஒன்று இருக்கிறது. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக மாமியார் அவசரப்பட்டால், அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போ. உன் கணவர் பரிசோதனை கொடுத்துவிட்டாரா? ஈரோட்டுச் சகோதரர் எழுதியதை அவருக்குக் காட்டு.

தொடங்கியவர், தஞ்சாவூர் பக்கம்:

எல்லாவற்றையும் படித்தேன். ஈரோட்டுச் சகோதரர் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

எனக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். காசநோய் குணமாகிவிட்டது. குழாய்கள் திறக்கவில்லை, தழும்பை மருந்து கரைக்காது. சோதனைக்குழாய் முறை ஒன்றுதான் வழி என்றார்கள். இரண்டு முறை கருவை வைத்தார்கள், இரண்டு முறையும் தங்கவில்லை. கரு ஒட்டி வளர வேண்டிய உட்படலம் ஆறு மில்லிமீட்டரைத் தாண்ட மறுக்கிறது. மூன்றாவது முறை வேண்டுமா என்று நானும் கணவரும் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பேச்சை எடுக்காமலே சில மாதங்கள் நன்றாகப் போகின்றன.

அம்மாவிடம் ஒரு வருடம் நான் சரியாகப் பேசவில்லை. நாலாம் மாதம் நிறுத்தாமல் இருந்திருந்தால் என்று தினமும் நினைப்பேன். அவளும் அதையே நினைத்து இளைத்துப் போனாள்.

போன மாதம் எங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அம்மா கேட்காமலே உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். என் கதையைச் சொன்னாளாம், பெயர் உட்பட. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், தப்பா என்று கேட்டாள். இல்லை அம்மா என்றேன்.

நேற்று சுண்டல் கொடுக்க அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மாத்திரை அட்டை கூடத்து மாடக்குழியில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டு மாத்திரை தீர்ந்திருந்தது.