டூட்டிங் மாடியறையில் கேட்ட லண்டன் ராப்

லண்டனிலிருந்து:

1984-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது எனக்கு 13 வயது. தென் லண்டனில், டூட்டிங்கில், மாமா வீட்டு மாடியறையில் ஐந்து பேர் படுப்போம். ஆங்கிலம் எழுத வரும்; வாயைத் திறந்தால் வகுப்பில் யாருக்கும் புரியாது. அந்த நாட்களில் எனக்குத் துணை மாமாவின் கேசட் ரேடியோதான்.

கேப்பிடல் ரேடியோவில் வார இறுதி இரவுகளில் மைக் ஆலன் ஹிப் ஹாப், அதாவது ராப் பாட்டுகள், போடுவார். பழைய கேசட்டில் திரும்பப் பதியும்படி மூலைத் துளையை டேப் ஒட்டி அடைத்து, ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, இடையில் நிறுத்தி வைக்கும் பட்டனில் விரலை வைத்தபடி காத்திருப்பேன். பாட்டு வந்ததும் விரலை எடுக்க வேண்டும், பேச்சு வந்தால் திரும்ப அழுத்த வேண்டும். ஞாயிறு முழுக்க அதே கேசட் ஓடும்.

சனிக்கிழமைகளில் நார்தர்ன் லைனில் லெஸ்டர் ஸ்கொயர் வரை போய், அங்கிருந்து கோவென்ட் கார்டனுக்கு நடப்பேன். பையன்கள் தரையில் லினோலியத் துண்டு விரித்து பிரேக் டான்ஸ் ஆடுவார்கள். நான் ஆடியதில்லை. அவர்களுடைய கோட்டுகளையும் ரேடியோவையும் பார்த்துக்கொள்வேன். எந்த ஊர், ஏன் வந்தாய் என்று அங்கே ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

1986 ஜூலையில் வெம்பிளி அரீனாவில் யு.கே. ஃப்ரெஷ் என்ற ஹிப் ஹாப் நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்காவிலிருந்து ஆஃப்ரிகா பம்பாட்டா, ராக்ஸான் ஷான்டே, மேன்ட்ரானிக்ஸ் எல்லோரும் வந்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. ஆனால் கொண்டாடப்பட்டது அமெரிக்காதான். இங்கே ராப் செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் ராப் பிறந்த நியூயார்க்கின் உச்சரிப்பில்தான் செய்தார்கள். குறையாகச் சொல்லவில்லை, ராப் என்றாலே அப்படித்தான் என்று நாங்களும் நம்பியிருந்தோம். 1988-இல் லண்டன் ராப்பர் டெரெக் பி, பிபிசி டி.வி.யின் டாப் ஆஃப் தி பாப்ஸ் இசை நிகழ்ச்சியில் மேடை ஏறியபோது, நம்மில் ஒருவர் அங்கே நிற்கிறார் என்று வீட்டில் கத்தினேன். அவர் 2009-இல், 44 வயதிலேயே போய்விட்டார்.

என்னை உலுக்கியது லண்டன் பாஸி என்ற ராப் குழு. 1987-இல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. அதில் பாடிய ராட்னி பி பாட்டர்சீக்காரர், டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பாதி காக்னி என்கிற லண்டன் தெருப் பேச்சு, பாதி ஜமைக்கப் பேச்சு. பஸ்ஸில் என் பின் சீட்டில் உட்கார்ந்து சத்தம் போடும் பையனின் குரல் அப்படியே இசைத்தட்டில்! ஒரே பக்கத்தை எத்தனை முறை போட்டேனோ, மாமி வந்து பிளக்கையே பிடுங்கினார்.

அந்தக் குரலுக்கு நியூயார்க் மட்டும் தாய்வீடு இல்லை என்பது என் எண்ணம். தென் லண்டனில் ஜமைக்கக் குடும்பங்களின் சவுண்ட் சிஸ்டங்கள், அதாவது பெரிய ஒலிபெருக்கிகளோடு இசைத்தட்டு போட்டு மைக்கில் பாடும் குழுக்கள், முன்பே இருந்தன. அப்படி ஒரு குழுவான சாக்ஸன் சவுண்டில் வளர்ந்த ஸ்மைலி கல்ச்சர், காக்னியையும் ஜமைக்கப் பேச்சையும் மாற்றி மாற்றிப் பேசி 1984-லேயே ஜமைக்காவின் ரெக்கே இசையில் ஒரு பாட்டு போட்டார். லண்டன் பாஸி நடந்தது அந்தத் தடத்தில்தான். அதன்பிறகு நான் பள்ளியில் டி.வி. ஆங்கிலம் பேச முயல்வதை விட்டுவிட்டேன். வந்தபடி பேசினேன்.

அப்புறம் பிளேட் என்ற ராப்பர். நியூ கிராஸ்காரர், ஆர்மீனிய வம்சம். கம்பெனிகளை நம்பாமல் இசைத்தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று தானே விற்றவர். 1993-இல் வந்த ஆல்பத்துக்கு ரசிகர்கள் முன்கூட்டியே பணம் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன். தபாலில் வந்த அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

மான்செஸ்டரிலிருந்து:

அண்ணா, லண்டனை மட்டும் சொல்லிவிட்டீர்களே! இங்கே மான்செஸ்டரில், எங்கள் ஹல்ம் பகுதியில், ரூத்லஸ் ராப் அசாசின்ஸ் என்ற ராப் குழு இருந்தார்கள். 1990-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில், கரீபியனிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி வந்த தலைமுறையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. பெரிய நம்பிக்கையோடு வந்து, குளிரையும் கூலி வேலையையும் அவமதிப்பையும் கண்டவர்களின் கதை.

அப்பா அப்போது பெட்ரோல் செட்டில் இரவு வேலை பார்த்தார். ராப் என்றாலே அவருக்கு ஆகாது. ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்து தேநீர் குடிக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டு, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இவங்கள் எந்த ஊர் ஆக்கள், பிள்ளை?"

"ஹல்ம், அப்பா. எங்கட வீட்டிலிருந்து ரெண்டு பஸ் ஸ்டாப்."

"திருப்பிப் போடு."