மீதமுள்ள பேண்ட்வித்தை அளக்க ஐபெர்ஃப்3-ஐ நம்புவதா, பாத்லோடை நம்புவதா?

கேள்வி:
வணக்கம். எங்கள் இரு கிளைகளுக்கு இடையே வினாடிக்கு 100 மெகாபிட் லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) உள்ளது. பகலில் அதில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று தெரிந்தால்தான் பேக்கப்பைப் பகலிலேயே ஓட்டலாமா என்று முடிவெடுக்க முடியும். வேகம் அளக்கும் கருவியான ஐபெர்ஃப்3-ஐ எட்டு இணை ஓட்டங்களுடன் (ஒரே நேரத்தில் எட்டு இணைப்புகளுடன்) இயக்கினால் 78 மெகாபிட் காட்டுகிறது. ஒரே ஓட்டத்தில் 50-ஐத் தாண்டுவதில்லை. மீதமுள்ள பேண்ட்வித்தைக் கணிக்கும் கருவியான பாத்லோடோ 35 முதல் 42 வரை என்கிறது. அடுத்தடுத்து எடுத்த இந்த அளவுகளில் எதை நம்புவது?

பதில் 1:
ஐபெர்ஃப்3 காலியிடத்தை அளப்பதில்லை. தன் டிசிபி (தரவை அனுப்பும் வழக்கமான நெறிமுறை) இணைப்புகளுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையே சொல்கிறது. லைனில் ஏற்கெனவே ஓடுபவற்றை நெருக்கித் தன் பங்கை வாங்கிக்கொள்வது டிசிபியின் இயல்பு. எட்டு ஓட்டங்கள் என்றால் எட்டுப் பங்கு. அந்த 78-இல் ஏறக்குறைய பாதி, உங்கள் சக ஊழியர்களிடமிருந்து பிடுங்கியதாகவே இருக்கும்.

பதில் 2:
பாத்லோட், ஜெயினும் டொவ்ரோலிஸும் 2002-இல் வெளியிட்ட கருவி. குறிப்பிட்ட வேகத்தில் பாக்கெட் வரிசையை அனுப்பி, பின்னால் வருபவற்றின் தாமதம் கூடிக்கொண்டே போனால் அந்த வேகம் மீதமுள்ளதைவிட அதிகம் என்று கணித்து, இரண்டு எல்லைகளுக்கு இடையே விடையை நெருக்குகிறது. இதே வேலையைச் செய்யும் பாத்சிர்ப் என்ற கருவி இதைவிடக் குறைந்த சுமையில் வேலையை முடிக்கும். ஸ்ப்ரூஸ் என்ற மற்றொரு கருவிக்கு லைனின் முழுத் திறனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் கிகாபிட் லைனில் இவற்றை நம்ப நான் தயங்குவேன். 1500 பைட் பாக்கெட் 100 மெகாபிட்டில் 120 மைக்ரோவினாடி எடுக்கும், கிகாபிட்டில் வெறும் 12. நெட்வொர்க் கார்டு சில பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒரே இன்டரப்டாகக் (கணினிக்கான அறிவிப்பாகக்) கொடுத்தாலே கணக்கு குழம்பிவிடும்.

பதில் 3:
லைன் உங்களுடையது, இரு முனை ரௌட்டர்களும் உங்கள் கையில் இருக்கின்றன. பிறகு வெளியிலிருந்து ஊகிப்பானேன்? எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களின் நிலையை வாசிக்கும் நெறிமுறை) வழியாக இன்டர்ஃபேஸ் கவுன்டரை (லைனில் கடந்த பைட்டுகளின் எண்ணிக்கையை) வாசித்து, அதை வேகமாக மாற்றி 100-இலிருந்து கழியுங்கள். 64 பிட் கவுன்டரையே எடுங்கள். 32 பிட் கவுன்டர் முழு ஓட்டத்தில், கிகாபிட்டில் 34 வினாடியிலேயே ஒரு சுற்று முடித்துப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். ஐந்து நிமிடச் சராசரி திடீர் ஏற்றங்களை மறைத்துவிடும் என்பதால் 30 வினாடிக்கு ஒருமுறை வாசிப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. காலை பதினொரு மணிக்குக் கவுன்டர் 61 மெகாபிட் காட்டியது. மீதம் 39, பாத்லோட் சொன்ன எல்லைக்குள்தான். பேக்கப்பை 20 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்திப் பகலிலேயே ஓடவிட்டிருக்கிறேன். ஐபி தொலைபேசியில் இதுவரை யாரும் குறை சொல்லவில்லை.