கோபத்துக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வசனவரி சரசு:
ஓர் அமெரிக்கத் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி அலுவலகத்திலிருந்து வந்ததும் பையை விட்டெறிந்து, மேலதிகாரியைப் பற்றி 'ஹி காட் மை கோட்' என்கிறாள். சட்டைக்கு மேல் போடும் கோட் அல்ல, ஆடு. எனக்கு முன் இதைத் தொட்ட புண்ணியவான் 'அவர் என் ஆட்டை எடுத்துக்கொண்டார்' என்று போட்டு வைத்திருக்கிறார். எரிச்சலூட்டினார் என்று பொருள் தெரியும். ஆடு எங்கிருந்து வந்தது?

லாயக்காரன்:
பந்தயக் குதிரை லாயத்திலிருந்து, அக்கா. உயர்சாதிக் குதிரை தனியாக நின்றால் பதறும், அங்குமிங்கும் நடக்கும், சரியாகத் தின்னாது. துணைக்கு ஓர் ஆட்டைக் கட்டினால் அடங்கிவிடும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எதிராளி அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால்? காலையில் குதிரை மிரண்டு நிற்கும், பந்தயம் போச்சு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

பழந்தாள்:
இடம் நிறைய இருக்கிறது. ஆட்டைத் திருடிப் பந்தயத்தைக் கெடுத்ததாக அந்தக் காலத்துச் செய்தி ஒன்றைக் காட்டுங்கள். நான் காட்டுவது இது: நியூயார்க்கின் சிங் சிங் சிறை வாழ்க்கையைப் பற்றி 1904-இல் ஒரு நூல் வந்தது. அதிலுள்ள சிறைக் கொச்சைப் பட்டியலில் 'கோட்' என்பதற்குக் கோபம், எரிச்சலூட்டுதல் என்றே பொருள் போட்டிருக்கிறது. 1909-இல் விஸ்கான்சின் செய்தித்தாள் ஒன்றில் முழுத் தொடரும் வருகிறது. விடிய விடிய ஒரே தண்ணீரையே மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்த ஒருவரின் புலம்பல். இரண்டிலும் குதிரை இல்லை.

லாயக்காரன்:
சிறைக்குள் போனவர்களில் பந்தயச் சூதாடியே கிடையாதா? எழுத்தில் ஏறுமுன் எத்தனை வருஷம் வாயில் புழங்கியதோ. லாயத்தில் ஆடு கட்டுவது ஒன்றும் கட்டுக்கதை இல்லையே, இன்றும் கட்டுகிறார்கள்.

ஷெவ்ர்:
நடுவில் நான். பிரெஞ்சில் 'ப்ராந்த்ர் லா ஷெவ்ர்' என்று உண்டு. நேர்ப்பொருள் ஆட்டை எடுப்பது, வழக்கில் சினம் கொள்வது. 1660-இல் வந்த மோலியேரின் 'ஸ்கனாரெல்' நாடகத்திலேயே இருக்கிறது.

பழந்தாள்:
பிரெஞ்சில் கோபப்படுகிறவனே ஆட்டை எடுக்கிறான். ஆங்கிலத்தில் அடுத்தவன் என் ஆட்டை எடுக்கிறான். திசையே வேறு. போதாததற்கு நடுவில் 250 வருஷ இடைவெளி.

லாயக்காரரே, ஆடு கட்டுவதை நான் மறுக்கவில்லை. 1936-இல் சீபிஸ்கெட் என்ற குதிரை டாம் ஸ்மித் என்ற பயிற்சியாளரிடம் வந்தபோது அதன் படபடப்பைத் தணிக்க அவரும் ஓர் ஆட்டைத்தான் விட்டுப்பார்த்தார். குதிரை அதைப் பல்லால் கவ்வி, உலுக்கி, வெளியே வீசிவிட்டது. அப்புறம் பம்ப்கின் என்ற இன்னொரு குதிரை வந்துதான் அது அடங்கியது. பழக்கம் உண்மை என்பதாலேயே சொல் அங்கே பிறந்தது என்று ஆகிவிடாது. நாம் 'ஆட்டையைப் போட்டான்' என்கிறோமே, அதற்கும் நடுராத்திரியில் ஊர்க் கிடையில் ஆடு திருடிய கதை ஒன்றை அரைமணி நேரத்தில் கட்டிவிடலாம். கேட்கிறவன் நம்புவான். 'ஆட்டையில சேர்க்க மாட்டோம்' என்று தெருவில் பிள்ளைகள் சொல்லும் ஆட்டை வெறும் விளையாட்டு என்பது அவனுக்கு நினைவே வராது.

வேடிக்கை:
அமெரிக்கக் கடற்படை அகாடமியின் சின்னம் ஆடு. ராணுவ அகாடமி மாணவர்கள் அதைத் திருடிவிடுவார்களே, அதுவாக இருக்குமோ?

பழந்தாள்:
அந்தத் திருட்டு தொடங்கியது 1953-இல். சொல்லுக்கு அப்போதே ஐம்பது வயது.

வசனவரி சரசு:
சரி, சண்டை போடுங்கள். நான் 'கடுப்பேத்திட்டார்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். திரையில் இரண்டு நொடிதான் நிற்கும், அதற்குள் குதிரையும் வேண்டாம், சிறையும் வேண்டாம்.

லாயக்காரன்:
போங்க அக்கா, ஆட்டையே காணாமல் அடித்துவிட்டீர்கள். பழந்தாள் ஐயா, 1904-க்கு முந்தைய பந்தயத் தாள்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து வருகிறேன்.