ஸ்ப்ரேயர் பேட்டரி வாளியில புகை வந்த அன்னிக்கு

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து சாமான் ஏத்துற லோரி ஓட்டுறேன். போன வருஷம் ஒரு தோட்டத்து ஸ்டோர்ல கிராணி (கணக்கு எழுதுறவரு), முதுகுல மாட்டி மருந்து அடிக்கிற ஸ்ப்ரேயரோட பழைய லித்தியம் பேட்டரிங்கள ஒரு தகர வாளியில அள்ளிப் போட்டு, "டவுன்ல பழைய இரும்புக் கடையில குடுத்துருங்கண்ணே"ன்னு ஏத்தி விட்டாரு. ரெண்டு மூணு உப்பிப் போயிருந்துச்சு, நானும் பாத்தேன், கார் பேட்டரி மாதிரிதானேன்னு புல்லு மருந்து டிரம் பக்கத்துலயே வச்சிட்டேன்.

செம்மண் ரோட்டுல லோரி குலுங்க குலுங்க உள்ள ஒயரும் ஒயரும் உரசிருக்கு. பாதி வழியில நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாடை, கண்ணாடியில பாத்தா வெள்ளைப் புகை. நிறுத்தி, மண்வெட்டிக் காம்பால வாளிய ரோட்டோரம் தள்ளி விட்டு, புகை மேல படாத பக்கமா நின்னு கேன் தண்ணி பூரா ஊத்தினேன். அடங்கின மாதிரி இருந்துட்டு திரும்ப புஸ்ஸுன்னு கிளம்புது! 999 அடிச்சு பொம்பா (தீயணைப்புக்காரங்க) வந்து தண்ணி அடிச்சு அடிச்சுத்தான் சூடு இறங்குச்சு. அந்த டிரம் பத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இன்னும் கை நடுங்குது.

அப்புறம்தான் விசாரிச்சேன். ஆபத்தான சாமான ஏத்துறதுக்கு ஒன்பது கிளாஸா பிரிச்சு வச்சிருக்காங்க. கார் பேட்டரி ஆசிட் உள்ளதால கிளாஸ் 8, லித்தியம் கிளாஸ் 9, மேல் பாதியில ஏழு கறுப்புக் கோடு போட்ட லேபிள். ஒவ்வொரு சாமானுக்கும் யூஎன் நம்பர்னு ஒண்ணு இருக்கு, லித்தியம் பேட்டரி மட்டும் போனா யூஎன் 3480, ஸ்ப்ரேயரோட போனா 3481. 9ன்னா 'இதர'ன்னு பேரு, மத்த எட்டுலயும் அடங்காததுன்னுதான் அர்த்தம், ஆபத்து கம்மின்னு இல்ல. நான் கம்மின்னுதான் நினைச்சேன். இப்ப ஒவ்வொரு முனைக்கும் டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் பையில போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில அடுக்கினாத்தான் ஏத்துவேன். உப்பினத ஏத்தவே மாட்டேன். தோட்டத்துல கழிச்சுப் போடுற லித்தியம் பேட்டரிக்கு ஆபத்தான கழிவுப் பட்டியல்ல எஸ்டபிள்யூ 103னு நம்பர், லைசென்ஸ் உள்ளவங்கதான் வந்து எடுக்கணும், இரும்புக் கடைக்குப் போகக் கூடாது.

பதில்:
அண்ணே, படிக்கவே பயமா இருக்கு. எனக்கு டிரை ஐஸ்ல நடந்துச்சு, அதுவும் கிளாஸ் 9தான், யூஎன் 1845. ஐஸ்கிரீம் கேக் ஆர்டருக்கு ஈப்போவுல வாங்கி, கண்ணாடிய ஏத்திட்டு ஏர்கோன் போட்டு வந்தேன், கொஞ்ச நேரத்துல தலைவலி, மூச்சு வாங்குது, பின் சீட்ல இருந்த மகனும் தலை சுத்துதும்மாங்குறான். அது உருகாது, அப்படியே கார்பன் டை ஆக்சைடா கிளம்பி கார் பூரா நிறைஞ்சிரும். மூடிய இறுக்கி டேப் ஒட்டினா பெட்டியே வெடிச்சிரும்னும் அப்புறம்தான் சொன்னாங்க. இப்ப மூடி லேசா திறந்து, கண்ணாடி இறக்கி விட்டுத்தான் ஓட்டுறேன், பையன வீட்ல விட்டுட்டுப் போறேன்.