ஐசியுவில் விட்டுப்போகும் பராமரிப்பை அளப்பது: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் ஐசியுவில் செவிலியர்களான எங்களிடம் மிஸ்கேர் கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள், செய்ய வேண்டிய பராமரிப்பில் எது விட்டுப்போகிறது என்று அளக்க. பியாட்ரிஸ் காலிஷ் உருவாக்கியது, 2009இல் வந்தது. என்னென்ன விட்டுப்போகிறது என்பது முதல் பகுதி, ஏன் என்பது இரண்டாவது. சாப்பாடு ஆறுவதற்குள் ஊட்டுவது, நாளைக்கு மூன்று தடவை நடக்க வைப்பது என்று வரிசையாக இருந்தது. என் கையில் இருந்த இரண்டு பேரும் வென்டிலேட்டரில், மூக்குக் குழாயில் உணவு. எங்கே டிக் போடுவது? சக்‌ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), கஃப் பிரஷர் (மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள பலூனின் அழுத்தம்), தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது, இவற்றைக் கேட்டிருந்தால் சொல்ல நிறைய இருந்தது.

ஒன்று பிடித்தது. “நீ விட்டாயா” என்று கேட்காமல், உங்களையும் சேர்த்து யூனிட்டில் எவ்வளவு அடிக்கடி விட்டுப்போகிறது என்று கேட்கிறார்கள். இல்லாவிட்டால் யார் வாயைத் திறப்பார்கள்?

பதில்: நான் இன்சார்ஜ். கேள்வித்தாள் வேண்டாம், சார்ட்டையே பார்ப்போம் என்று ஒரு வாரத்து ஷீட்களை எடுத்தேன். இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வைத்ததாக எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. பன்னிரண்டு, இரண்டு, நான்கு, எல்லாமே ஒரே மூச்சில் போட்ட டிக். அதில் ஓர் இரவு அடுத்தடுத்து இரண்டு பேருக்கு சிபிஆர் நடந்ததும், கை உதவிக்கு ஆள் இல்லாததும் எல்லோருக்கும் தெரியும்! அப்புறம் ஸ்டோர் கணக்கைப் பார்த்தேன். வாய் சுத்தம் செய்ததாகப் போட்ட டிக்குகளில் பாதிக்குக்கூட மவுத் கேர் கிட் எடுக்கப்படவில்லை. பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) மட்டும் ஒன்றும் விட்டுப்போகவில்லை. மானிட்டர் கத்தும் அல்லவா, வறண்ட வாய் கத்தாது.

பதில்: நான் செவிலியர் இல்லை, அப்பா ஐசியுவில் இருந்தபோது பார்வை நேரத்தில் போய் வந்தவன். வார்டில் என்றால் அவரே பெல் அடித்துக் கேட்டிருப்பார். டியூபோடு படுத்திருப்பவர் எப்படிக் கேட்பார்? உதடு வெடித்திருந்ததை நான்தான் சொன்னேன். உடனே வந்து துடைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே.

பதில்: நியாயம்தான். ஆனால் பார்வை நேரம் கொஞ்சம்தான், இரவில் நடப்பது உறவினருக்குத் தெரியாது. எங்கள் யூனிட்டில் இப்போது டியூட்டி மாற்றும்போது செய்யாமல் விட்டதையும் காரணத்தையும் பெயர் போடாமல் தனித் தாளில் எழுதுகிறோம். “ஆள் இல்லை” என்பதுதான் அதிகம் வருகிறது. அதைக் காட்டி ஒரு ஆள் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை.